உடன் செல்வதா, எதிர் செல்வதா? நிலைமாற்றியின் ஒரு புதிர்

வீதியோரத்து மின்கம்பங்களிலே சாம்பல் நிறப் பெட்டியொன்று உயரத்தில் அமர்ந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதன் தலையிலே பீங்கான் காவலிகள் நிமிர்ந்து நிற்கும். இரவின் அமைதியில் அதன் கீழே சற்று நின்று செவிகொடுத்தால், வண்டு முரல்வது போன்ற ஓசை கேட்கும. ஊரார் அதனைத் திரான்ஸ்போமர் என்பர். நம் பாடநூல்கள் நிலைமாற்றி என்று அழகாகப் பெயரிட்டுள்ளன. 33,000 வோல்ற்றிலோ 11,000 வோல்ற்றிலோ வந்து சேரும் மின்சாரத்தை 400 வோல்ற்றாகவும் 230 வோல்ற்றாகவும் தணித்து நம் வீடுகளுக்கு அனுப்புவது அதன் வேலை. அந்தப் பெட்டியின் உள்ளே சுழல்வது, அசைவது, தேய்வது என்று எதுவுமே இல்லை. இரும்புத் தகடுகளை அடுக்கி அமைத்த ஓர் அகணி, அதன்மேல் சுற்றிய கம்பிச் சுருள்கள், அவற்றைக் குளிர்விக்கும் எண்ணெய், அவ்வளவுதான்.

இத்துணை எளிய கருவியைப் பற்றி உயர்தர வகுப்பு மாணவரிடையே ஒரு வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. மின்சாரம் ஊட்டப்படும் முதற்சுருளின் மின்னழுத்தமும், மின்சாரம் பெறப்படும் துணைச்சுருளின் மின்னழுத்தமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றனவா? அன்றி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகின்றதா? ஒரு நூல் இரண்டும் ஒரே அவத்தையில் உள்ளன என்கிறது. இன்னொரு நூல் இரண்டுக்கும் இடையே 180 பாகை வேறுபாடு என்று படம் வரைந்து காட்டுகிறது. மாணவர் எதை எழுதுவது? இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்கவேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆயின் இரண்டும் பொய் அல்ல. அஃது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவத்தை என்ற சொல்லைக் கண்டு இல்லத்தரசியர் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. கூட்டமாகக் கும்மியடிக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே கணத்தில் கைதட்டினால் அவர்கள் ஒரே அவத்தையில் உள்ளனர். ஒருத்தி அரைத் தாளம் பிந்தித் தட்டினால் அவள் அவத்தை வேறுபட்டவள். நம் வீட்டு மின்சாரம் ஆடலோட்டம். செக்கனுக்கு 50 முறை ஒருபுறமும் மறுபுறமுமாக ஆடி வருவது. ஆகவே அதற்கும் ஒரு தாளம் உண்டு. ஒரு முழு ஆட்டத்தை 360 பாகை என்று கொள்வது வழக்கம். அரை ஆட்டம் 180 பாகை, கால் ஆட்டம் 90 பாகை.

முதலில் சிறிது பழங்கதை. 1831ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி, இலண்டனிலுள்ள ரோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் விஞ்ஞான நிலையத்திலே மைக்கேல் பரடே ஒரு பரிசோதனை செய்தார். ஆறு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையத்தை எடுத்து, அதன் ஒரு பாதியில் ஒரு கம்பிச் சுருளையும் மறுபாதியில் இன்னொரு சுருளையும் சுற்றினார். இன்று போலக் காவலியிட்ட கம்பி கடையில் கிடைத்த காலம் அன்று அது. சுற்றுக்குச் சுற்று நூலையும், அடுக்குக்கு அடுக்குத் துணியையும் இட்டுத் தாமே காவல் செய்தார். ஒரு சுருளை மின்கல அடுக்குடன் தொடுத்தார். மற்றதன் கம்பியை ஒரு காந்த ஊசியின்மேற் கொண்டு சென்றார். மின்கலத்தைத் தொடுத்த அக்கணத்தில் ஊசி துள்ளி, ஆடி, பழைய நிலைக்கு வந்து நின்றது. மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஊசி அசையவில்லை. தொடுப்பை நீக்கியதும் மீண்டும் துள்ளியது, இம்முறை எதிர்ப்புறமாக.

நிலைமாற்றியின் முழு இரகசியமும் அந்த மூன்று வரிகளில் அடங்கிவிடுகிறது. இரும்பினுள் காந்தம் இருப்பதனால் மறு சுருளில் மின்சாரம் பிறப்பதில்லை. அந்தக் காந்தம் மாறுவதனாலேயே பிறக்கிறது. கூடும்போது ஒரு புறம், குறையும்போது மறுபுறம். பரடேயின் வளையம் இன்றும் அதே நிலையத்தில் பேணப்பட்டு வருகிறது. அவ்வளையத்திலிருந்து தொழிலுக்கு உகந்த நிலைமாற்றி பிறக்க ஏறத்தாழ 54 ஆண்டுகள் சென்றன. 1885இல் புடாபெஸ்ற் நகரத்துக் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த சிபர்னோவ்ஸ்கி, பிளாதி, டேரி என்னும் மூவர், இரும்பு வழி முற்றும் மூடிய நிலைமாற்றியைச் செய்து காட்டினர்.

இனி, நூல்கள் பேசும் இலட்சிய நிலைமாற்றியைக் கவனிப்போம். அதன் கம்பிக்குத் தடை கிடையாது. அதன் இரும்பு சூடேறி வீண்செலவு செய்வதில்லை. காந்தமாவதற்கென்று தனியே மின்னோட்டம் கேட்பதுமில்லை. ஒரு சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம், ஒரு துளியும் வழியிற் சிந்தாமல், மறு சுருளினூடாகவும் செல்லும். இப்படியொன்றை எந்தத் தொழிற்சாலையும் செய்ததில்லை. எனினும் இது வெறுங் கற்பனை என்று தள்ளத்தக்கதும் அன்று. பெரிய நிலைமாற்றிகள் தாம் பெறும் வலுவில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. மனிதர் செய்த கருவிகளிலே இலட்சியத்தை இவ்வளவு நெருங்கியவை மிகச் சிலவே.

மாமரக் கிளையிலே கட்டிய ஊஞ்சலை நினைவிற் கொள்ளுங்கள். அகணியிலுள்ள காந்தப் பாயமே அந்த ஊஞ்சல். ஊஞ்சல் எங்கே நிற்கிறது என்பது பாயத்தின் அளவு; ஊஞ்சல் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பது சுருளிற் பிறக்கும் மின்னியக்கவிசை. ஊஞ்சல் எல்லைவரை உயர்ந்து திரும்பும் கணத்தில் அசைவற்று நிற்கிறது. அதாவது பாயம் உச்சத்திலிருக்கும்போது மின்னியக்கவிசை பூச்சியம். ஊஞ்சல் நடுவைக் கடக்கும்போதோ வேகம் உச்சம். பாயம் பூச்சியம், மின்னியக்கவிசை உச்சம். ஆகவே மின்னழுத்தமும் பாயமும் ஒருபோதும் ஒன்றாக உச்சம் அடைவதில்லை. இரண்டுக்கும் இடையே எப்போதும் கால் ஆட்டம். நம் நாட்டு 50 வட்ட மின்சாரத்தில் ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு செக்கனின் 50இல் ஒரு பங்கு செல்லும். கால் ஆட்டமோ 200இல் ஒரு பங்கு. முதற்சுருளுக்கு நாம் ஊட்டும் மின்னழுத்தத்துக்கு அவ்வளவு நேரம் பிந்தியே பாயம் தன் உச்சியை அடைகிறது.

முன்னர்க் குறித்த வண்டோசைக்கும் இந்த ஊஞ்சலே காரணம். காந்தமாகும்போது இரும்பின் நீளம் மிகச் சிறிதளவு மாறும். வலப்புறக் காந்தமாயினும் இடப்புறக் காந்தமாயினும் மாற்றம் ஒன்றே. ஆதலால் செக்கனுக்கு 50 ஆட்டத்துக்கு 100 அதிர்வு. நாம் கேட்பது அந்த நூறையே.

இரு சுருள்களையும் ஊடுருவுவது ஒரே பாயம், ஒரே ஊஞ்சல். இதனை இறுகப் பற்றிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். அகணியைச் சுற்றும் ஒவ்வொரு கம்பிச் சுற்றும், அது எந்தச் சுருளைச் சேர்ந்ததாயினும், ஒரே அளவு மின்னியக்கவிசையை ஒரே கணத்தில் பெறுகிறது. 230 வோல்ற்று ஊட்டப்பட்ட முதற்சுருளில் 1,150 சுற்றுகள் உண்டென்றால், சுற்று ஒன்றுக்கு 0.2 வோல்ற்று. துணைச்சுருளில் 60 சுற்றுகள் இருப்பின் 60 ஐந்திலொன்றுகள், ஆக 12 வோல்ற்று. சுற்றுகளின் விகிதமே மின்னழுத்தங்களின் விகிதம் என்று நாம் மனனம் செய்யும் விதி இவ்வளவே. ஒரு சுற்று முந்திக்கொள்ளவும் இன்னொன்று பிந்தி நிற்கவும் இங்கே இடமில்லை. 37 பாகை, 52 பாகை என்றெல்லாம் வேறுபாடு தோன்ற இலட்சிய நிலைமாற்றியில் வழியே கிடையாது. இருக்கக்கூடியவை இரண்டே: உடன், அல்லது எதிர்.

அவ்விரண்டில் எது என்பதே வழக்கு. ஊஞ்சலுக்குத் திரும்புவோம். முன்னே அக்காள் நிற்கிறாள், பின்னே தம்பி நிற்கிறான். ஊஞ்சல் அக்காளை நோக்கிச் செல்லும்போது அவள் “வருகிறது” என்கிறாள். அதே கணத்தில் தம்பி “போகிறது” என்கிறான். எவர் சொன்னது பொய்? இருவர் பார்ப்பதும் ஒரே ஊஞ்சலைத்தான். நின்ற இடம் வேறு, அவ்வளவே. துணைச்சுருளுக்கு இரண்டு முனைகள் உள்ளன. ஒரு முனையிலிருந்து பார்த்து அளந்தால் அதன் மின்னழுத்தம் முதற்சுருளின் மின்னழுத்தத்தோடு உடன் செல்லும். அளக்கும் கருவியின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிவிட்டால் எதிர் செல்லும். நிலைமாற்றியினுள்ளே ஓர் அணுவும் மாறவில்லை. உடனா எதிரா என்பது இயற்கையைக் கேட்கும் கேள்வி அன்று. எந்த முனைக்கு நாம் முதற்பெயர் சூட்டினோம் என்பதைக் கேட்கும் கேள்வி.

நூல்கள் முரண்படுவதன் காரணமும் இதுவே. சில ஆசிரியர்கள், லென்ஸ் 1834இல் வெளியிட்ட விதிக்கு மதிப்பளித்து, தூண்டிய மின்னியக்கவிசைக்கு எப்போதும் ஒரு சயக்குறி இட்டு எழுதுவர். அவர்கள் கணக்கில், ஊட்டும் மின்னழுத்தத்துக்குப் பாயம் கால் ஆட்டம் பிந்துகிறது; பாயத்துக்குத் துணைச்சுருள் இன்னுமொரு கால் ஆட்டம் பிந்துகிறது. காலும் காலும் அரை. ஆகவே 180 பாகை. மற்றைய ஆசிரியர்கள் அச்சயக்குறியை இடாது, சுருளின் இரு முனைகளுக்கிடையே வோல்ற்றுமானி காட்டுவதை அப்படியே எழுதுவர். அவர்களுக்குப் பாயம் கால் ஆட்டம் பிந்தியது. துணைச்சுருள் பாயத்துக்குக் கால் ஆட்டம் முந்தியது. பிந்தியதும் முந்தியதும் கழிந்து பூச்சியம். இரு சாராரும் தத்தம் வழக்கைக் கடைசிவரை பிறழாது கடைப்பிடித்தால் விடை சரியாகவே வரும். ஒரு நூலின் படத்தையும் மறுநூலின் சமன்பாட்டையும் சேர்த்துக் குழப்பும் மாணவரே இடர்ப்படுவர். எமக்கு இரண்டாவது முறையே உவப்பானது. அளவுகருவி சொல்வதை நம்புவது மாணவருக்கு நல்ல பழக்கம்.

அப்படியாயின் லென்ஸ் விதி கூறும் எதிர்ப்பு எங்கே போயிற்று? அது மின்னழுத்தங்களுக்கிடையே உள்ள எதிர்ப்பு அன்று. இரு சுருள்களிலும் ஓடும் மின்னோட்டங்களின் காந்த விளைவுகளுக்கிடையே உள்ள எதிர்ப்பு. துணைச்சுருளில் ஒரு மின்குமிழை ஏற்றியவுடன் அங்கே ஓடும் மின்னோட்டம் பாயத்தைத் தளர்த்த முயல்கிறது. முதற்சுருள் விடுவதில்லை, மின்வழங்கலிலிருந்து மேலதிக மின்னோட்டம் பெற்று அத்தளர்வை ஈடு செய்கிறது. கிணற்றில் அள்ளியவளவு நீர் ஊறி வருவதுபோல் இது நிகழும். ஊஞ்சலின் வீச்சோ குறைவதில்லை.

பெயர் சூட்டுவதுதானே, எப்படியும் இருக்கட்டும் என்று விட்டுவிட முடியுமா? தனியாக ஒரு மின்குமிழை எரிப்பதானால் விட்டுவிடலாம். மின்குமிழுக்கு முன்னும் பின்னும் கிடையாது. இரண்டு சுருள்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டி வரும்போதுதான் விபரீதம். 12 வோல்ற்றுத் துணைச்சுருள்கள் இரண்டைத் தொடராக இணைத்தால், முனைகள் பொருந்தியவிடத்து 24 வோல்ற்று கிடைக்கும். மாறியவிடத்து ஒன்றை ஒன்று அழித்துப் பூச்சியமே மிஞ்சும். அதில் ஏமாற்றமே அன்றி ஆபத்தில்லை. சமாந்தரமாக இணைக்கும்போது அப்படியன்று. முனைகள் பொருந்தினால் இரண்டும் தோள்கொடுத்துச் சுமையைப் பகிரும். மாறினால் அவ்விரண்டும் சேர்ந்த வளையத்திலே 24 வோல்ற்றும் எவ்விதச் சுமையுமின்றிக் குறுஞ்சுற்றாகிவிடும். இலட்சிய நிலைமாற்றியாயின் அம்மின்னோட்டத்துக்கு எல்லையே இல்லை. உண்மை நிலைமாற்றியாயின் உருகி எரியும், உருகி தவறினால் சுருளே எரியும். 12 வோல்ற்றிலேயே இவ்வாறென்றால், 230 வோல்ற்று வழங்கும் இரண்டு பெரிய நிலைமாற்றிகளைத் தலைமாறித் தொடுத்தால் வளையத்தில் 460 வோல்ற்று. தொடுப்பவரின் கைக்கெட்டும் தூரத்திலே நெருப்புப் பிழம்பு எழும்.

இதனாலேயே சுருள்களின் முனைகளில் ஒரு சிறு புள்ளியிட்டுக் குறிக்கும் வழக்கம் ஏற்பட்டது. புள்ளியிட்ட முனைகள் யாவும் ஒரே கணத்தில் ஏறி, ஒரே கணத்தில் இறங்குபவை. பெட்டியைத் திறந்து கம்பி எத்திசையிற் சுற்றப்பட்டது என்று ஆராய வேண்டியதில்லை. புள்ளியைப் பார்த்தாற் போதும். புள்ளி அழிந்துவிட்டால்? பொறியியலாளர் செய்யும் சோதனை எளியது. முதற்சுருளின் ஒரு முனையையும் துணைச்சுருளின் ஒரு முனையையும் சேர்த்துக் கட்டி, முதற்சுருளுக்கு மின்னூட்டி, எஞ்சிய இரு முனைகளுக்கிடையே அளப்பர். 230க்கு 12 என்னும் நிலைமாற்றியில் வோல்ற்றுமானி 218 காட்டினால், கட்டிய முனைகள் ஒரே பெயருக்குரியவை. 242 காட்டினால் அவை எதிரெதிர்ப் பெயருக்குரியவை. கழித்தலும் கூட்டலும் தெரிந்தால் விடை தெரிந்துவிடும். வீட்டு மின்சாரத்தைக் கொண்டு மாணவர் இதனைச் செய்யலாகாது. அவர்களுக்கான வழியைப் பின்னர் சொல்வோம்.

புள்ளி தவறுவதனால் நெருப்பெழாத இடமும் உண்டு. அங்கே பணம் தவறும். ஆலைகள், பெரிய கட்டடங்கள் போன்றவற்றுக்குச் செல்லும் மின்னோட்டம் மிகப் பெரிது. அதனை நேரே மின்மானியிற் செலுத்த முடியாது. ஓட்ட நிலைமாற்றி என்னும் கருவி அதனைச் சிறிதாக்கி மானிக்குக் கொடுக்கும். மூன்று கம்பிகளுக்கு மூன்று கருவிகள். அவற்றுள் ஒன்று மட்டும் தலைமாறிப் பூட்டப்பட்டதென்று கொள்வோம். மூன்று கம்பிகளும் சமமாகச் சுமந்தால், வரவைக் கூட்டிச் செலவைக் கழித்து எண்ணும் மானி, ஒன்றும் ஒன்றும் கூட்டி ஒன்றைக் கழித்து, மூன்று பங்கு செலவை ஒரு பங்கு என்றே பதியும். எந்த மின்குமிழும் மங்காது, எந்த இயந்திரமும் தயங்காது. பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். இத்தகைய அளவைக் கருவிகளிலே, இலட்சியத்திலிருந்து சிறிது விலகினாலும் கணக்கிற் சேரும். 0.5 வகுப்பு ஓட்ட நிலைமாற்றி முழு மின்னோட்டத்தில் அரைப் பாகைக்கு மேல் அவத்தை பிசகலாகாது என்பது சர்வதேச நியமம்.

“உடன் அல்லது எதிர் என்றீர்கள், எங்கள் வீதி நிலைமாற்றியில் 30 பாகை வேறுபாடு உண்டென்று கேள்விப்பட்டோமே” என்று விடயமறிந்த வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வீதியில் வரும் மின்சாரம் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகிய மூன்று அவத்தைகளைக் கொண்டது. அங்கே முதற்சுருள் ஒவ்வொன்றும் இரு கம்பிகளுக்கிடையே முக்கோணமாகப் பூட்டப்பட்டிருக்கும். துணைச்சுருள் ஒவ்வொன்றும் ஒரு கம்பிக்கும் நொதுமலுக்கும் இடையே நட்சத்திரமாகப் பூட்டப்பட்டிருக்கும். இரும்பின் ஒரே காலிலுள்ள சுருள் இரண்டும் முன்போலவே ஒன்றாகத்தான் ஆடுகின்றன. ஆயின் இரு கம்பிகளுக்கிடையிலான அழுத்தமும், கம்பிக்கும் நொதுமலுக்கும் இடையிலான அழுத்தமும் இயல்பாகவே 30 பாகை விலகியவை. அவ்வேறுபாடு பூட்டிய முறையில் வந்ததேயன்றிச் சுருளில் வந்ததன்று.

இதனைக் குறிக்கப் பொறியியலாளர் கையாளும் முறை சுவையானது. கடிகார முகத்தை எடுத்துக்கொள்கின்றனர். மணி ஒன்றுக்கு 30 பாகை. உயர் அழுத்தத்தைப் பெரிய முள்ளாக 12இல் நிறுத்தி, தாழ் அழுத்தத்தைச் சிறிய முள்ளாக வைத்து மணி பார்க்கின்றனர். முட்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிற் சுழல்வதாகக் கொள்வதால், 11 மணி என்றால் தாழ் அழுத்தம் 30 பாகை முந்தியது என்று பொருள். 1 மணி என்றால் 30 பாகை பிந்தியது. பெட்டியின் பக்கத்தில் அறைந்துள்ள தகட்டில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். 11 மணிக்காரரையும் 1 மணிக்காரரையும் சமாந்தரமாகப் பூட்டினால் இடைவெளி 60 பாகை. சமபக்க முக்கோணத்தை வரைந்து பார்ப்போருக்கு உடனே தெரியும், எதிரெதிர் முனைகளுக்கிடையே முழு 230 வோல்ற்றும் நிற்குமென்று.

இனி மாணவருக்கான பரிசோதனை. அழைப்பு மணிக்குப் பயன்படும் சிறிய நிலைமாற்றி ஒன்றும், ரோச் லைற்றுக்கு இடும் 1.5 வோல்ற்று உலர்கலம் ஒன்றும், முள் நடுவில் நிற்கும் கல்வானோமானி ஒன்றும் போதும். நிலைமாற்றி வீட்டு மின்சாரத்திலிருந்து முற்றாகக் கழற்றப்பட்டிருக்க வேண்டும். சுற்றுகள் மிகுந்த சுருளின் முனைகளுக்கு அ, ஆ என்றும், குறைந்த சுருளின் முனைகளுக்கு இ, ஈ என்றும் பெயரிடுக. கல்வானோமானியின் நேர் முனையை இயன்னாவிலும் மறை முனையை ஈயன்னாவிலும் பூட்டுக. உலர்கலத்தின் மறை முனையை ஆவன்னாவிலே தொடுத்து, நேர் முனையிலிருந்து வரும் கம்பியால் அகரத்தை ஒருமுறை தொடுக. கம்பியின் காவலியிட்ட பகுதியையே பிடிக்க வேண்டும். தொடுப்பை நீக்கும்போது சிறு பொறி பறக்கும், வெறுங்கை பட்டால் சுரீரென்று அடிக்கும். தொட்ட கணத்தில் முள் நேர்ப்புறம் துள்ளினால் அகரத்துக்கும் இகரத்துக்கும் சிவப்பு மையினால் புள்ளியிடுக. மறுபுறம் துள்ளினால் புள்ளி அகரத்துக்கும் ஈகாரத்துக்கும் உரியது. கம்பியை எடுக்கும்போது முள் எதிர்ப்புறம் துள்ளும். அதனைக் கணக்கில் எடுக்க வேண்டா.